மெதுவக்காவும் பச்சை நாலும்

பிப்ரவரி 11 — இருநூறு.
மே 6 — இருநூறு.
ஜூலை 23 — இல்லை.
ஜூலை 24 — இல்லை.
ஜூலை 26 — அறுநூற்றைம்பது.
ஜூலை 28 — இல்லை.

மெதுவக்கா கணினியைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவிக்கொள்கிறார். துண்டில் துடைப்பதில்லை. விரல்களை உதறிக் காயவிட்டுக்கொண்டே, கூடவே கொண்டுவரும் மடக்கு முக்காலியைக் காலால் தள்ளி விரிக்கிறார். அடுத்தவர் நாற்காலியில் உட்கார மாட்டார். "அது அவங்க உடம்புக்குப் பழகினதுங்க. நான் உக்காந்தா என் முதுகு என்னைத் திட்டும்."

மேலே உள்ள தொகைகள் இந்த ஆண்டு அவர் எங்கள் மருந்துக்கடையில் கணினி வேலைக்காக வாங்கிக்கொண்ட பணம். கடை என் தம்பி மகனுடையது. அங்கே மருந்துக் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. அதனால் இவற்றையும் எழுதிவைத்தேன். 'இல்லை' என்பது அவர் வைத்திருக்கும் கணக்குமுறை. பழுது பார்த்தால் கூலி உண்டு. எதையாவது நிறுத்தி மூடினால் கிடையாது. ஏன் என்று என் தம்பி மகன் ஒருமுறை கேட்டான். "கடை கதவைச் சாத்தறதுக்கு நீங்க யார்கிட்டயாவது காசு வாங்கறீங்களா தம்பி?" என்றார்.

வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மூக்குக்கண்ணாடி எப்போதும் கயிற்றில் கழுத்திலிருந்து தொங்கும். கண்ணாடிக்கூட்டில் திருப்புளிகள் இருக்கும். கணினியோடு பேசுவார், அதுவும் மரியாதையாக. "என்னங்க, காலைலயே இப்படி மூச்சு வாங்குது?" என்று அவர் திரையைப் பார்த்துக் கேட்டபோது, பின்னால் மருந்துச் சீட்டோடு நின்ற பருத்த மனிதர், "நடந்தே வந்தேம்மா, அதான்" என்று பதில் சொல்லிவிட்டார். வேலைக்கு நடுவே மாமியாரிடமிருந்து தொலைபேசி வரும். "அத்தை, சாவி உங்க இடுப்புலதான் இருக்கு. தடவிப் பாருங்க" என்பார். சற்று நேரம் காத்திருப்பார். "கிடைச்சுதா? சரி, வெச்சிடறேன்." ஒருமுறைகூட அந்தச் சாவி வேறு இடத்தில் இருந்ததாக நான் கேட்டதில்லை.

மெதுவக்கா என்ற பெயர் கடைத்தெரு வைத்தது. மற்றவர்கள் அரை மணியில் முடிப்பதை அவர் அரை நாள் செய்வார் என்பதற்காக. அவருக்கும் தெரியும். "வேகமா ஒரு அக்கா இருந்தா அவங்களைக் கூப்பிடுங்களேன்" என்பார். கோபம் இருக்காது.

ஜூலையில் அந்த மெதுவால் என் தம்பி மகனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

விஷயம் இதுதான். பில் போடும் கணினியின் திரையில் வலது ஓரத்தில் ஒரு பட்டை உண்டு. அதில் சின்னச் சின்னப் பெட்டிகள்: கடிகாரம், நாள்காட்டி, வானிலை, செய்தி. ஏழு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மெக்கானிக் வைத்துக்கொடுத்தது. அவர் இப்போது ஊரில் இல்லை. அப்போது எல்லாரும் ஆசையாக வைத்துக்கொண்டார்கள். பிறகு, அதில் ஓட்டை இருக்கிறது, அந்த வழியாகத் திருடன் உள்ளே வரலாம் என்று தெரிந்து, அதை உண்டாக்கிய நிறுவனமே அதைக் கைவிட்டுவிட்டது. எங்கள் கடையில் மட்டும் அது இருந்துகொண்டே இருந்தது. ஜூலையில் செய்திப் பெட்டியில் செய்திக்குப் பதிலாகப் பரிசு விழுந்திருப்பதாக விளம்பரம் வரத் தொடங்கியது. பாதி பில்லில் கணினி உறைந்து நின்றது. மருந்து அனுப்பும் மொத்த விற்பனை நிறுவனம் கண்டிப்பாக எழுதிவிட்டது: ஜூலை 31க்குள் அந்தப் பட்டையை நீக்காவிட்டால், கணினி வழியாக ஆர்டர் எடுக்கும் இணைப்பைத் துண்டிப்போம் என்று. இணைப்பு போனால் மருந்து வராது. மருந்து வராத மருந்துக்கடையில் தராசும் நாங்களும்தான் மிச்சம்.

ஜூலை 23 அன்று மெதுவக்கா வந்தார், கையைக் கழுவினார், முக்காலியில் உட்கார்ந்தார். கணினியில் இருந்த எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு நகல் எடுத்தார். அதற்கே வாடிக்கையாளர் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. அப்புறம் பட்டையில் உள்ள பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, எங்கள் எல்லாரையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார். "இதை யாரு பாக்கறீங்க?"

"யாரும் பாக்கறதில்லக்கா. மொத்தமா மூடுங்க" என்றான் தம்பி மகன்.

"கடிகாரம்?"

"சுவத்துல இருக்கு."

"நாள்காட்டி?"

"அது நான் பாப்பேன்" என்றாள் அவன் மனைவி. பில் போடுகிறவள் அவள்தான். "பரவால்ல, போன்ல பாத்துக்கறேன்."

"வானிலை?"

தம்பி மகன் சற்றுத் தயங்கி, காலையில் கிளம்பும்போது தான் அதைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டான். மெதுவக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைப் படித்தார். அது எங்கள் ஊரின் வானிலையே இல்லை. வேறு ஏதோ ஒரு ஊருடையது. அவன் மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். "அதான் ஏழு வருஷமா கொளுத்தற வெயில்ல குடையோட போறீங்களா? நான் என்னவோ வெயிலுக்குப் பயந்துதான் போறீங்கன்னு நெனச்சேன்!"

இப்படி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தவர், கடைசியில் ஒரு பெட்டியிடம் நின்றார். அதற்குத் தலைப்பு இல்லை. பச்சை நிறத்தில் ஓர் எண் மட்டும் இருந்தது: நான்கு.

"இதை யாரு பாக்கறீங்க?"

யாரும் இல்லை. அது என்ன என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. படிக்காத மின்னஞ்சல்களின் எண்ணிக்கையாக இருக்கலாம் என்றார் மெதுவக்கா. தேடிப் பார்த்தார். அந்தக் கணினியில் மின்னஞ்சலே வைத்திருக்கவில்லை. "என் ஊகம் தப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து முக்காலியை மடக்கினார்.

"அக்கா! அது ஒண்ணுதானே பாக்கி? போன்ல ஒருத்தன் ரெண்டே நிமிஷத்துல மொத்தப் பட்டையையும் தூக்கிக் காட்டறான்."

"அவன் வீட்டுல அவன் தூக்கறான். இது உங்க கடை. பேர் தெரியாததை நான் தொட மாட்டேன் தம்பி."

"முப்பத்தொண்ணாம் தேதி என் கழுத்துல கத்தி இருக்கு."

"தெரியுது. அதான் நாளைக்கும் வரேன்." போகும்போது இணையக் கம்பியை மட்டும் பிடுங்கி வைத்தார். இனி வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. கணினி இரவெல்லாம் ஓடினாலும் பயமில்லை என்றார். அது எப்போதும் இரவெல்லாம் ஓடுவதுதான். 'எப்போதும் அணைக்கக் கூடாது' என்று பழைய மெக்கானிக் ஒரு சீட்டை அதன்மேல் ஒட்டியிருந்தார். ஏன் என்று கேட்காமலே நாங்கள் அதற்குக் கீழ்ப்படிந்து வந்தோம்.

மறுநாள் வந்தவர் எதையும் தொடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுப்பில் பால் வைத்தவரைப்போல. தம்பி மகன் அவரைத் தாண்டித் தாண்டிப் போய் மருந்து எடுத்தான். பெருமூச்சு விட்டான். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் விட்டான்.

திடீரென்று, "அஞ்சு!" என்றார். "யாரும் அசையாதீங்க. இப்ப யாரு என்ன பண்ணீங்க?"

கடையே நின்றது. வாடிக்கையாளர் ஒருவர் தும்மியதாகச் சொன்னார்.

"கம்பி பிடுங்கிக் கெடக்கு. ஆனாலும் நம்பர் மாறுது. அப்ப இது வெளியேர்ந்து வரல. இந்தக் கடைக்குள்ளேர்ந்துதான் வருது. யாரு என்ன பண்ணீங்க?"

"நான் இன்சுலின் எடுத்தேன்" என்றாள் தம்பி மகன் மனைவி. இன்னும் குளிர்பெட்டியின் கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தாள்.

"சாத்துங்க."

சாத்தினாள். சிறிது நேரத்தில் நான்கு. மெதுவக்கா என் பக்கம் திரும்பினார். "ஐயா, உள்ள வெப்பமானி என்ன காட்டுது?"

பார்த்துச் சொன்னேன். நான்கு. ஏழு ஆண்டுகளாக அந்த வெப்பமானியைப் பார்த்து எழுதி வருகிறேன். பில் கணினியின் திரையைப் பார்ப்பது என் வேலையாக இருந்ததில்லை.

மெதுவக்கா குளிர்பெட்டியின் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கதவு ரப்பரின் இடுக்கு வழியாக ஒரு மெல்லிய வெள்ளைக் கம்பி உள்ளே போனது. அது பெட்டியோடு வந்ததென்றே நினைத்திருந்தோம். அதன் மறுமுனை சுவர் ஓரமாக ஓடிக் கணினியில் செருகியிருந்தது. அட்டைப்பெட்டிகளை இறக்கியதும், குளிர்பெட்டியின் தலைமேல் தூசி படிந்த சின்ன ஒலிபெருக்கி ஒன்று தெரிந்தது. அதுவும் கணினியுடையதுதான்.

தம்பி மகன் அங்கேயே ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

குளிர்பெட்டி கத்தும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தம்பி மகனும் அவன் மனைவியும் கடைக்கு மேலே மாடியில் குடியிருக்கிறார்கள். ஏப்ரலில் ஒரு விடியற்காலை அது கத்தித்தான் இருவரும் இறங்கி ஓடி வந்தார்கள். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே குழந்தைகளின் தடுப்பூசி மருந்து நிறைய இருந்தது. எட்டு டிகிரியைத் தாண்டினால் அது வீண், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நல்ல குளிர்பெட்டி, தானே கத்துகிறது என்று அன்று அதைத் தட்டிக்கொடுத்தான் தம்பி மகன். கத்தியது குளிர்பெட்டி அல்ல. திரை ஓரத்தில் இருந்த அந்தப் பேரில்லாத பெட்டி. அதை மூடியிருந்தால், அடுத்த முறை கதவு திறந்து கிடக்கும்போது கடை அமைதியாக இருந்திருக்கும். மருந்து கெட்டிருக்கும். நாங்களும் தெரியாமல் விற்றிருப்போம்.

"அக்கா" என்றான்.

"ஒண்ணும் ஆகலயே. தண்ணி குடிங்க" என்றார் மெதுவக்கா.

இணைப்பா, குளிர்பெட்டியின் குரலா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவர் விடவில்லை. ஜூலை 26 அன்று பாட்டரியில் ஓடும் எச்சரிக்கை வெப்பமானி ஒன்றை வாங்கிவந்தார். அதன் விலைதான் அந்த அறுநூற்றைம்பது. தன் கூலி சேர்க்கவில்லை. கணினியோடு எந்த உறவும் இல்லாத கருவி. அதன் முனையை ஒரு தம்ளர் வெந்நீரில் விட்டார். அது போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தொண்டை நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அதைக் குளிர்பெட்டிக்குள் பொருத்தினார். ஆனாலும் அன்றைக்கே பழையதை மூடவில்லை. இரண்டு நாள் இரண்டும் சேர்ந்து ஓடட்டும், ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா பார்ப்போம் என்றார். தம்பி மகன் இந்த முறை பெருமூச்சு விடவில்லை. இரண்டு எண்களையும் அவனே ஓடி ஓடி ஒப்பிட்டான். மெதுவக்காவைவிட மோசமாகிவிட்டான்.

28ஆம் தேதி மறுபடியும் நகல் எடுத்து, பச்சை எண்ணை மூடி, கணினியின் அமைப்புப் பட்டியலில் அந்தப் பட்டைக்கு நேரே இருந்த டிக் குறியை எடுத்தார். "போயிட்டு வாங்க" என்று கணினியிடம் சொல்லி, அணைத்துத் திரும்ப ஓடவிட்டார். திரை கறுத்தது. கறுப்பாகவே இருந்தது. தம்பி மகன் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரை வந்தது. வலது ஓரம் துடைத்துவிட்ட மேசைபோல வெறுமையாக இருந்தது. இணையக் கம்பியைச் செருகினார். ஆர்டர் போடும் பக்கம் திறந்தது. பில் திறந்தது. அதே பருத்த மனிதருக்கு இருமல் மருந்து பில் போட்டபோது, அவர் பணத்தை எடுக்கும் முன்பே பில் வந்து விழுந்தது.

"என்னம்மா, அதுக்குள்ளயா?" என்றார் அவர். தம்பி மகன் மனைவி சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிரவு கடை சாத்தும்போது தம்பி மகன் கணினியை அணைத்தான். ஏழு ஆண்டுகளில் முதல்முறை. மாடியில் இருவரும் விடியும்வரை தூங்கியதாகச் சொன்னார்கள்.

இணைப்பு தொடரும் என்று நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்த அன்று மெதுவக்கா எங்கள் கடையைத் தாண்டி வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தார். தம்பி மகன் வாசலுக்கு ஓடிப்போய் அவரை உள்ளே அழைத்துவந்து, உறையைக் கிழித்து, உரக்கப் படிக்கத் தொடங்கினான். அவர் ஒரு விரலை உயர்த்தி அவனைப் பேசாமல் இருக்கச் செய்தார். குளிர்பெட்டியருகே போய், கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். அது கத்தி ஓயும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகுதான் கடிதத்துக்குக் கையை நீட்டினார். இந்த விவகாரத்தில் வந்த கடைசிக் கடிதம் அது. வந்த நாள், ஆகஸ்ட் 9.