மேலே செல்லவும்

“நிறுத்துங்க தம்பி. நாற்காலி இருநூத்தி முப்பத்திரண்டு ஆயிடுச்சு.”

அவன் நிறுத்தினான். திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. நாற்பது பக்க வாடகை ஒப்பந்தம் ஒன்றை ஏஐ ஏஜென்டிடம் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் வீட்டுச் சாமான்களின் அட்டவணை: மின்விசிறி ஆறு, நாற்காலி நான்கு, கட்டில் இரண்டு. ஏஜென்ட் அதை ஐம்பத்தெட்டு தடவை எடுத்து, ஒவ்வொரு தடவையும் கூட்டி வைத்திருந்தது. நான்காம் பக்கத்தை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“இது வீடாக்கா, சினிமா தியேட்டரா?”

“என்னைக் கேட்டா?”

“கைடு உங்களுது.”

“கருவி உங்களுது.”

கருவி அவனுடையதுதான். ஸ்கேன் செய்த காகிதம், பில், ஒப்பந்தம் எதைக் கொடுத்தாலும் தலைப்பு வேறு, பத்தி வேறு, அட்டவணை வேறு என்று பிரித்துத் தரும். குழுவின் தலைவனும் அவன்தான். எந்தக் கோளாறு என்றாலும் முதலில் ரீஸ்டார்ட் பண்ணிப் பார் என்பான். அலுவலகத்தில் அவன் பெயரே ரீஸ்டார்ட். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் மட்டும் அக்காவும் தம்பியும் மேடமும் சாரும் ஆகிவிடுவார்கள்.

பத்தொன்பது வருடமாக அவள் எழுதுவது கையேடு. வாஷிங் மெஷின், மிக்சி, வாட்டர் ஹீட்டர். வாங்கியவர்கள் அதைப் பிரிக்காமலே பரணில் போட்டார்கள். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்திருப்பதே அவள் எழுதிய ஹீட்டர் கையேடுதான். வைத்தவர் அவள் கணவர். கேட்டதற்கு, “அளவு சரியா இருந்துச்சு” என்றார்.

மூன்று மாதத்துக்கு முன் இந்தக் குழுவுக்கு மாற்றினார்கள். கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுத வேண்டும். படிக்கப்போவது ஆட்கள் இல்லை, அதை இயக்கும் ஏஜென்டுகள். அன்று வீட்டில் சொன்னாள்.

“எந்த ஏஜென்ட், வீட்டு புரோக்கரா? அவனுங்க எதையும் படிக்க மாட்டானுங்களே.”

“இதுங்க படிக்கும். ஒரு எழுத்து விடாம.”

அன்று பாத்திரம் தேய்க்கும்போது அவள் பாடினாள் என்று அவர் பிறகு சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று ஐந்து மணிக்குள் அவள் கைடு இந்தச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் இயந்திரமே எழுதிய கைடு ஒன்று ரீஸ்டார்ட்டின் மடிக்கணினியில் தயாராக இருந்தது. அவள் லேபிள் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’ அதை அவள் ஏற்கெனவே நான்கு அளவுகளில் எழுதியிருந்தாள்.

கைடை உரக்கப் படித்தார்கள்.

“‘அட்டவணை வந்தால் முழுதாக எடுக்கவும். எடுத்தபின் மேலே செல்லவும்.’ இதுல என்ன தப்பு?”

“ஒண்ணும் இல்லையே அக்கா.”

“எனக்குப் புரியுது.”

“எனக்கும் புரியுது. ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்.”

பண்ணினார்கள். பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, நாற்காலி நான்கு. பிறகு ஒன்றாம் பக்கம். நாற்காலி எட்டு.

நாலு மணிக்குக் கணவர் போன் செய்தார். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை.

“வீட்டுச் சாவியைக் காணோம். காலையில மூணு லிஃப்ட் பார்த்தேன், எதுலயோ விட்டிருக்கேன். முதல் கட்டடத்துல வாட்ச்மேன்கிட்ட கேட்டா அவன் தன் சாவியையே தேடிட்டிருக்கான்.”

“சரி, மேலே சொல்லுங்க.”

“மேலே எங்க? பேஸ்மென்ட்ல நிக்கறேன்.”

இருபத்திரண்டு வருடமாக அவர் விடாமல் சொல்லும் நகைச்சுவை இது. அவள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. இப்போதும் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, மேலேன்னா எங்க?”

“மேலேன்னா…” அவன் கை முன்னால் நீண்டது. பாதியில் நின்றது. பிறகு ஒரு விரல் மட்டும் மெதுவாகக் கூரையைக் காட்டியது.

இருவரும் கூரையைப் பார்த்தார்கள். டியூப் லைட் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஏஜென்ட் சொன்னதைச் செய்திருக்கிறது. அட்டவணையை எடுத்தது, மேலே சென்றது. ஒப்பந்தத்தில் ஆக மேலே இருப்பது முதல் பக்கம். பத்தொன்பது வருடமாக அவள் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறாள். ஒரு வாஷிங் மெஷின்காரரும் அதைப் படித்துவிட்டு மாடிக்குப் போனதில்லை. அவர்கள் படித்திருந்தால்தானே என்று உடனே தோன்றியது.

கைடில் தேடினாள். முப்பத்தொரு இடத்தில் ‘மேலே’ இருந்தது.

“மொத்தமா மாத்திடலாமே அக்கா. ஒரே அமுக்கு.”

“வேணாம். ஒண்ணு ரெண்டு நிஜமாவே மேலேதான்.”

ஒவ்வொன்றாகப் படித்தாள். இருபத்தொன்பதை ‘அடுத்த பகுதிக்குச் செல்லவும்’ என்று மாற்றினாள். ‘பக்கத்தின் மேலே உள்ள எண்’ என்று வந்த இரண்டை விட்டுவைத்தாள். பத்து நிமிடம் பாக்கி இருந்தபோது ஓடவிட்டார்கள். மூன்று. நான்கு. ஐந்து. இருபதைத் தாண்டியதும் ரீஸ்டார்ட் நகம் கடிப்பதை விட்டான். நாற்பதில் நின்றது. நாற்காலி நான்கு.

“அந்த மெஷின் எழுதினதைக் கொஞ்சம் காட்டுங்க” என்றாள்.

அவன் திறந்து காட்டினான். ‘மேலே தொடரவும்’ நாற்பத்து நான்கு இடத்தில் இருந்தது.

“இதை எங்க கத்துக்கிச்சு?” என்றான்.

அவள் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். “என் மிக்சி கைடைப் படிச்சிருக்கும். யாராவது படிச்சாங்களே.”

மறுநாள் ஒன்பது பத்துக்கு வந்தாள். கைடு வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்டிருந்தது. ரீஸ்டார்ட் விடுப்பில் இருந்தான். காபி இயந்திரம் வேலை செய்யவில்லை. பதினொரு மணிக்குக் கணவர் போன் செய்து, சாவி இரண்டாவது லிஃப்டின் குழியில் கிடைத்தது என்றார். மதியம் கைடில் ‘கீழே காண்க’ என்று தேடினாள். பதினான்கு இடத்தில் இருந்தது.