நான்காம் இடத்தில் இருந்த என் விருப்பம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வழிபாட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் பெற்றுக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். உங்களில் பாதிப் பேர் அக்காவால் வழி கண்டவர்கள். ஐந்தாம் படிவமோ ஆறாம் படிவமோ முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் ஜெலுத்தோங்கில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டியவர்கள். இன்று நல்ல நிலையில் இருக்கிறீர்கள். அக்காவைப் பற்றி நல்லதாகத்தான் பேசுவீர்கள், பேசவும் வேண்டும். ஆனால் மலர்க் குழுவினர் கூடப்பிறந்தவள் என்பதற்காக என்னிடம் கட்டுரை கேட்டுவிட்டார்கள். நான் என் அக்காவைப் பார்த்து வாழ்நாள் முழுக்க வயிறெரிந்தவள். அது அவர்களுக்குத் தெரியாது.

அக்கா பிறந்தது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். நான்கு வருடம் கழித்து நான். அக்கா ஐந்தாம் படிவத்தில் நல்ல தேர்ச்சி பெற்ற ஆண்டில்தான் அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இரண்டு பெண்களில் ஒருத்திதான் மேலே படிக்க முடியும் என்ற நிலை. அக்கா யாரையும் யோசிக்க விடவில்லை. "தங்கச்சி படிக்கட்டும்பா. நான் பெக்டரி பஸ் ஏறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார்.

நான் ஆறாம் படிவம் வரை படித்தேன். சுமாராகத்தான் தேறினேன். பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஆனேன். அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் என்னை அறிமுகப்படுத்த ஒரே வாக்கியம்தான்: "இவளைப் படிக்க வச்சது அவங்க அக்காதான்." விட்டுக்கொடுத்தவருக்கு ஊரெல்லாம் பாராட்டு. வாங்கிக்கொண்டவள் ஆயுசுக்கும் தலை குனிந்து நிற்க வேண்டும். அக்கா ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

தொழிற்சாலையில் இருபத்தேழு ஆண்டுகள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்து மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் வேலையில் தொடங்கி, நாற்பது பெண்களுக்கு மேற்பார்வையாளர் ஆனார். பள்ளி வேன் ஓட்டும் அத்தானை மணந்தார். மகன் பிறந்தான். அந்த மகன் ஐந்தாம் படிவம் முடித்தபோதுதான் அக்காவின் 'கேட்டுப் பாடம்', அதாவது வாசல் பாடம், தொடங்கியது.

அதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மகன் விமானப் பராமரிப்புப் படிக்கவா, கணினி படிக்கவா என்று குழம்பிக்கொண்டிருந்தான். அக்கா அவனை அத்தானின் வேனில் ஏற்றி, வேலை முடிகிற நேரத்தில் ஒரு கம்பெனியின் வாசலுக்கு எதிரே நிறுத்தினார். "உள்ளே போய்ப் பார்த்தா அவங்க காட்டறதைத்தான் பார்ப்பே. வேலை முடிஞ்சு வெளியே வர்றாங்க பாரு, அந்த மூஞ்சியைப் பாரு. இருபது வருஷம் கழிச்சு எந்த மூஞ்சி உனக்கு வேணும்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான் பாடம். அவன் நான்கு வாசல்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு விமானத்தைத் தேர்ந்தெடுத்தான். இப்போது சிங்கப்பூரில் சந்தோஷமாக இருக்கிறான்.

பிறகு பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவள் கூட்டாளி வந்தாள். பள்ளி விடுமுறை என்றால் வேன் நிறையப் பிள்ளைகள். மருத்துவமனைப் பின்வாசல், நீதிமன்றப் படிக்கட்டு, ஹோட்டல் சமையலறைச் சந்து, ஃபெரி இறங்குதுறை. வெயிலில் வேனுக்குள் வேர்த்துக்கொண்டு, ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கொண்டு, வருகிற போகிற முகங்களைப் பார்ப்பார்கள். அதில் ஒரே ஒரு சட்டம். பெற்றோருக்கு வேனில் இடமில்லை. "அப்பா அம்மா வந்தா பிள்ளைங்க அவங்க மூஞ்சியைத்தான் பார்க்கும்" என்பார் அக்கா. மற்ற பெற்றோர் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது.

என் மகள் தர்ஷினி ஆறாம் படிவம் முடித்தபோது, "அடுத்து என்னம்மா யோசிச்சிருக்கே?" என்று நான் கேட்டேன். "இன்னும் ஒன்னும் யோசிக்கலைம்மா" என்றாள். நம்பினேன். அந்த வாரமே அவள் முகமெல்லாம் கறுத்துப்போய் வீட்டுக்கு வந்தாள். மூன்று நாளாகப் பெரியம்மாவோடு பாலிக் புலாவ் போய்வந்திருக்கிறாள். அங்கே டுரியான் தோப்புகளுக்கு இடையில் புதிதாகச் சாலை போட நிலம் அளக்கிறார்கள். அந்தக் குழுவில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண், மூன்று கால் வைத்த கருவியை நட்டு, அதற்குள் கண்ணை வைத்து, மலையையே அளந்தாளாம். சாயங்காலம் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினாளாம். "அந்த மூஞ்சிதான்மா எனக்கு வேணும்" என்றாள் என் மகள்.

"நடு ரோட்டுல வெயில்ல நிக்கறதுக்கா ஆறாம் படிவம் படிச்சே? கணக்கியல் எடு. ஏர்கோன்ல உட்கார்ந்து வேலை பார்க்கலாம்."

"நீங்க ஏர்கோன்லதானே உட்கார்ந்திருக்கீங்க. வீட்டுக்கு வர்றப்ப உங்க மூஞ்சியை நான் தினமும் பார்க்கறேன்லாம்மா."

அந்தக் கேட்டுப் பாடத்தை என் வாசலிலும் வைத்துப் பார்த்திருக்கிறாள். மகள் மீது வரவேண்டிய கோபம் முழுவதும் எனக்கு அக்கா மீது வந்தது. பெற்றது நான், பத்தொன்பது வருடம் சோறு போட்டது நான். அவள் மனதில் இருப்பதை முதலில் கேட்டது இன்னொருத்தி.

பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் அவள் என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நிரப்பினாள். அச்செடுத்த தாளை என்னிடம் காட்டினாள். படிப்புகளை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைப் பார்க்க மாட்டார்கள். முதல் மூன்று இடத்திலும் நில அளவை. நான்காவதாகக் கணக்கியல். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. என் பேச்சுக்கும் மதிப்பிருக்கிறதே என்று, "நான் சொன்னதைப் போட்டிருக்கியே" என்றேன்.

"பெரியம்மாதான் போடச் சொன்னாங்க. அம்மா மனசு நோகக்கூடாது, நாலாவதா போட்டு வைன்னாங்க."

இதைப் படிக்கும் உங்களுக்கு அக்காவின் நல்ல மனது தெரியும். எனக்கு அன்று அது தெரியவில்லை. என் மகளின் வாழ்க்கையில் எனக்கு ஓர் இடம் வேண்டுமென்றால் அதற்கும் அக்காவின் சிபாரிசா? படிப்பை விட்டுக்கொடுத்தது போதாதென்று, என் பிள்ளையையும் எனக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறாரா?

மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். எல்லாரும் கீழே கடைக்குப் போயிருந்தார்கள். பையில் கொண்டுவந்திருந்த அந்தத் தாளின் ஓரத்தில் அக்காவின் குண்டுக் கையெழுத்தில் இணைய விண்ணப்பத்துக்கான கடவுச்சொல் இருந்தது. விண்ணப்பம் மூட இன்னும் இரண்டு நாள் இருந்ததால் வரிசையை மாற்ற முடிந்தது. நான்காவதாக இருந்ததை முதலாவதாக வைத்தேன். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு இல்லாத உரிமையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கொண்டுபோன சோற்றைத் தின்றேன்.

கணக்கியல்தான் கிடைத்தது. தர்ஷினி விண்ணப்பத்தைத் திறந்து பார்த்து, வரிசை மாறியிருப்பதைக் கண்டுவிட்டாள். அந்தப் பக்கத்தை அச்செடுத்த தாளோடு அக்கா வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். "யாரு பெரியம்மா இதைத் திறந்தது?" என்று கேட்டாள். அக்கா தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்மா" என்றார் அக்கா. "கடைசியா ஒரு தடவை சரிபார்க்கலாம்னு திறந்தேன். எதையோ அமுக்கிட்டேன் போல."

"எதையோவா? இது என் வாழ்க்கைலா பெரியம்மா" என்று சொல்லிவிட்டு என் மகள் படியிறங்கிப் போய்விட்டாள். அக்கா அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

மேல்முறையீடு செய்தோம், பலிக்கவில்லை. அவள் கெடாவுக்குப் படிக்கப் போனாள். ஒரு வருடம் அக்காவோடு பேசவில்லை. தீபாவளிக்கும் அந்த வீட்டுப் படியேறவில்லை. அழுகை வந்தால், கோபம் வந்தால், காய்ச்சல் வந்தால் எனக்குத்தான் போன் செய்தாள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த ஒரு வருடம்தான் நான் என் மகளுக்கு முழு அம்மாவாக இருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தேன்.

ஒருமுறை மட்டும் அக்காவின் சமையலறையில் கேட்டேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

அக்கா கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னார். "பெரியம்மா மேல கோவம்னா பிள்ளைக்கு வீட்டுக்குப் போக வழி இருக்கு. பெத்தவ மேலயே கோவம்னா எங்கே போகும்?" ஒரு தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, "நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். அதுவரைக்கும் என் தலையிலயே இருக்கட்டும்" என்றார்.

நான் அப்போதும் நன்றி சொல்லவில்லை. இதிலும் என்னை முந்திவிட்டாரே என்றுதான் தோன்றியது.

அக்காவின் சிறுநீரகங்கள் பழுதானபோது, தர்ஷினி படிப்பை முடித்து சிம்பாங் அம்பாட்டில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அதற்குள் பேச்சுவார்த்தை இருந்தது, பழைய ஒட்டுதல் இல்லை. அக்காவுக்கு முடியவில்லை என்றதும் வாரம் மூன்று நாள் பாலம் தாண்டி வந்து, இரத்தச் சுத்திகரிப்பு முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருநாள் நான் கஞ்சி டப்பாவோடு உள்ளே நுழைந்தபோது, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்: "பெரியம்மா, அந்த யுனிவர்சிட்டி போராங் விஷயம். நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

அக்கா செய்யாத குற்றத்துக்கு அக்காவை மன்னிக்கிறாள் என் மகள். செய்தவள் கஞ்சியோடு நிற்கிறேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுவது ஒன்றுமில்லை, எனக்காக நேரம் கொடுத்துக் காத்திருந்தார். நான் டப்பாவின் மூடியைத் திறந்து, "சூடு ஆறிடும்" என்றேன். "சந்தோஷம்மா" என்று அக்கா அவள் தலையைத் தடவினார்.

கடைசி வாரத்திலும் ஒரு பெண் தன் அம்மாவை வெளியே நிற்க வைத்துவிட்டு, தாதியர் படிப்புப் படிக்கலாமா என்று கேட்க வந்தாள். பேச மூச்சில்லாமல், வார்டின் வாசலைக் கைகாட்டி, ஷிப்ட் முடிகிற நேரத்தைக் கடிகாரத்தில் தொட்டுக் காட்டினார் அக்கா. இரண்டு நாள் கழித்து ஒரு காலையில், அத்தான் வேனை எடுக்கக் கிளம்பிய நேரத்தில், அமைதியாகப் போய்விட்டார்.

இந்தக் கட்டுரையை இதுவரை நான் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதினேன்; இனி வருவது பிறகு சேர்த்தது. கணினியில் தமிழில் தட்டச்சு செய்ய எங்கள் வீட்டில் தர்ஷினிக்குத்தான் தெரியும். நேருக்கு நேர் சொல்லத் துணிவில்லாமல், மேலே உள்ளது அத்தனையும் எழுதி, போன சனிக்கிழமை காலையில் அவள் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். தட்டும் சத்தம் கேட்டது. ஓர் இடத்தில் நின்றது. நான் பருப்பை இரண்டு தடவை கழுவினேன். அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"நான் பெரியம்மாகிட்ட மன்னிச்சிட்டேன்னு சொன்னப்ப, நீங்க அங்கேதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். சத்தம் மறுபடி தொடங்கியது. முடித்து, அச்செடுத்து, மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அத்தானிடம் வேன் சாவியை வாங்கிக்கொண்டு பாலிக் புலாவ் பக்கம் போனதாகப் பின்னால் தெரிந்தது. இதுவரை என்னிடம் வேண்டியதைத் தவிர வேறு பேச்சில்லை. எப்போது பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

அச்சுத் தாளில் என் வார்த்தை ஒன்றைக்கூட அவள் மாற்றவில்லை. கடைசியில் நான் எழுதியிருந்த நன்றிப் பட்டியலில் மட்டும் கை வைத்திருக்கிறாள். நான் மருத்துவர்களில் தொடங்கி, உறவினர், மலர்க் குழு என்று வரிசையாகப் போய், முடிவில் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தேன். அதை எடுத்துவிட்டு அவளே எழுதியிருப்பது இது:

முதலாவதாக, பெரியம்மாவுக்கு நன்றி. இரண்டாவதாக, அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும். மூன்றாவதாக, வேனை ஒருநாளும் இல்லையென்று சொல்லாத பெரியப்பாவுக்கும், வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும். நான்காவதாக, அம்மாவுக்கு.

முதல் இடம் அக்காவுக்குத்தான். வயிறு இப்போதும் கொஞ்சம் எரிகிறது. ஆனால் இந்த முறை நான் வரிசையை மாற்றவில்லை.