சோனி சொன்ன கல்

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். பீகாரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த சோனி, வகுப்புத் தோழி தேவியின் ஜாமெட்ரி பாக்ஸை வாங்கிப்போய் வீட்டிலேயே மறந்துவிட்டாள். தேவி கேட்டதற்கு, கையை ஓங்கி ஆட்டி, “கல்! கல்!” என்றாளாம்.

“கல்லால அடிப்பேன்றா டீச்சர்!” என்று தேவி அழுதாள். எனக்கு இந்தி தெரியாது. விசாரிக்காமல் சோனியைத் திட்டி அனுப்பினேன்.

மறுநாள் காலை பிரேயருக்கு வந்த என் வகுப்பில் யாரும் பையைக் கழற்றவில்லை. தேவியின் பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே முழுக்க ரயில்பாதை ஜல்லி.

“இன்னாடி இது?”

“அவ கல்லு எடுத்துக்கினு வருவா இல்ல டீச்சர், அதான் நாங்களும் எல்லாரும்...”

அப்போதுதான் சோனி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி கேட்டுக்குள் நுழைந்தாள். பிள்ளைகளின் கைகள் பைகளுக்குள் போயின. நான் ஓடிப்போய் அவளை மறைத்து நின்றேன்.

அவள் நீட்டியது ஜாமெட்ரி பாக்ஸ்.

கூட வந்த அவள் அப்பா, இரும்பு ஆலைத் தொழிலாளி, தெரிந்த தமிழில் சொன்னார்: “மேடம், இந்தில கல்னா நாளைக்கு. நாளைக்கு குடுக்கறேன் சொல்லுச்சு.”

இப்போதெல்லாம் அர்த்தம் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் நான் திட்டுவதில்லை. அன்றைய ஜல்லி ஒன்று என் மேஜையில் இருக்கிறது. அதைக் காட்டி “இது இன்னா?” என்று கேட்டால், மொத்த வகுப்பும் சொல்கிறது: “நாளைக்கு!”