நல்லரத்தினம் சேர்த்த ஐந்தெழுத்துச் சொற்கள்

நல்லரத்தினத்தாரின் சைக்கிள் கடை வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், தோணித்துறைக்குத் திரும்பும் வளைவில் இருந்தது. நான்கு கம்பு, மேலே கிடுகு, காற்றடிக்க ஒரு பம், பஞ்சர் பார்க்க ஒரு வாளித் தண்ணீர். காற்றடிக்க அவர் காசு வாங்குவதில்லை. ஓர் ஆங்கிலச் சொல் கேட்பார். அதில் ஐந்து எழுத்து இருக்க வேண்டும், கடைசி எழுத்து வை ஆக இருக்க வேண்டும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வை என்று சொல்லமாட்டார். கல்லடிக்கும் கவட்டைபோல இருப்பதால் "கெற்றப்போல் எழுத்து" என்பார்.

உதிரிப்பாகம் சுற்றி வந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாள் ஒன்றில் அந்தப் போட்டி இருந்தது. அப்படிப்பட்ட சொற்களை அதிகமாக எழுதி அனுப்புபவருக்குப் பெரிய அகராதி பரிசு. ஒரு தாதி அதை வாசித்து விளக்கியிருக்கிறார். நல்லரத்தினத்தாரின் மகள் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்தாள். பள்ளியில் ஆங்கில ஆசிரியர் இல்லை. அகராதி அவளுக்குத்தான்.

நான் முதலில் அங்கே போன நாளில் காத்தான்குடிப் புடவை வியாபாரி அசனார் காக்கா சைக்கிளோடு நின்றார்.

"கறி எண்டு எழுதுங்க," என்றார் அசனார்.

"கறி எப்பிடிக் காக்கா இங்கிலீசாகும்? என்னைப் பேய்க்காட்டாதீங்க."

"லண்டன்லயும் கறிதான். இந்தத் தம்பியக் கேட்டுப் பாருங்க, கம்பஸ் படிச்ச புள்ள."

நான் ஓம் என்றேன். நல்லரத்தினத்தார் விரல் மடக்கி எண்ணிவிட்டு எழுதினார். பிறகு கொப்பியை என்னிடம் நீட்டினார். பெரிய எழுத்துகளில் முந்நூறுக்கு மேல் சொற்கள். பலவற்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வயல் வட்டைக்குள் கிடந்து அப்பா படிக்கவைத்த படிப்பு அந்தக் கொப்பிக்கு முன்னால் சின்னதாகத் தெரிந்தது. அவசரமாக இரண்டு சொற்களை என் கையாலேயே எழுதினேன். ENEMY. READY.

போட்டித் தாளையும் காட்டினார். மேல் மூலையில் திகதி இருந்தது: ஆகஸ்ட் 1993. அப்போது 1997. எப்போதோ முடிந்த போட்டி. திகதியைப் பார்த்தேன், சொல்லவில்லை. அவர் மனம் நோகும் என்பதால் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அவ்வளவு சொற்கள் வைத்திருந்தவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு காலை, நேர்முகப் பரீட்சைக்காக நான் பட்டணம் போகத் துறைக்கு வந்தபோது, வெளுத்த சாரமும் சேட்டும் போட்டுக்கொண்டு அவர் தோணியில் இருந்தார்.

"தபால்ல போடப் போறன் தம்பி. பதிவுத் தபால். இங்கால எங்க தபால் இரிக்கி?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தோணி அக்கரை சேர இருபது நிமிடம் எடுத்தது. இருபது நிமிடமும் அவர் மகளைப் பற்றிப் பேசினார், நான் தலையாட்டினேன்.

அக்கரை இராணுவச் சோதனைச் சாவடியில் அவருடைய பையைக் கொட்டினார்கள். கொப்பி கிடைத்தது. சிப்பாய் புரட்டிப் பார்த்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டான். பக்கம் பக்கமாக ஐந்தைந்து எழுத்து, ஒரே முடிவு, வரிசை வரிசையாக. போராளிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையிலிருந்து வரும் ஓர் ஏழை மனிதனின் பையில் இது ஏன் இருக்க வேண்டும்? அதிகாரியின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"எனமி. ரெடி," என்று வாசித்தார். "இது என்ன ரகசியக் கோட்?"

நல்லரத்தினத்தார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்க இங்கிலீசில சொல்லுங்க. போட்டி எண்டு சொல்லுங்க."

"உனக்கு இந்த ஆளைத் தெரியுமா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

ஒன்பதரை மணி. பத்தரைக்கு நேர்முகம். கையில் சான்றிதழ் உறை.

"இல்ல சேர். தோணியிலதான் கண்டன்."

அதிகாரி அந்த இரண்டு சொற்களைத் தட்டினார். "இந்தக் கையெழுத்து வேற. யார் எழுதினது?"

நல்லரத்தினத்தார் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் சேர். எல்லாம் நான்தான்."

எனக்கு வழி விட்டார்கள், அவரைப் பிடித்துவைத்தார்கள். நான் போனேன். நேர்முகத்தில் ஆங்கிலத்தில் கேட்டார்கள், நன்றாகவே பதில் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி புஸ்பம் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"கேம்புக்கு இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித் தா மனே. அது வெறும் சொல்லுக் கொப்பி, குண்டு ஒண்டும் இல்ல எண்டு எழுது. கூட வந்தவன் ஒருத்தன் தெரியாதெண்டு சொல்லிட்டுப் போனானாம். தோணிக்காரன் சொன்னான். ஆரெண்டு அவனுக்கும் தெரியாதாம். நாசமாப் போவான்."

போட்டித் தாளை அவள் மடியிலிருந்து எடுத்துத் தந்தாள். மேசையில் இருந்து எழுதினேன். போட்டி நான்கு வருடங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது, எழுத வாசிக்க அதிகம் தெரியாத ஒரு தகப்பன் சுற்றிவந்த தாளை நம்பி ஏமாந்தார் என்று. நல்ல கடிதம். கீழே என் பெயரைப் போடவேண்டிய இடத்தில் கை நின்றது. கிராம சேவகர் ஒப்பமிட்டால்தான் செல்லும் என்று புஸ்பத்திடம் சொன்னேன். அவள் நம்பினாள்.

ஐந்தாம் நாள் அவரை விட்டார்கள். அன்று பின்னேரம் பார்க்கப் போனேன். இடது காது வீங்கியிருந்தது. வீட்டு வாசலில் மர வாங்கில் இருந்தார்.

"இந்தப் புள்ளதான் கடிதம் எழுதினது," என்றாள் புஸ்பம்.

"ஓம். வாசிச்சிட்டுச் சிரிச்சாங்கள். நாலு வருசத்துக்கு முந்தின போட்டியாம். ஒரு ஆமிக்காரன் தமிழில சொன்னான், ஐயா உங்கட அகராதிய ஆரோ படிச்சும் முடிச்சிருப்பான் எண்டு." அவரும் சிரிக்கப் பார்த்தார், காது வலித்தது. "திகதிய நீங்க எப்ப தம்பி கண்டீங்க?"

மகள் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடிதம் எழுதேக்க," என்றேன்.

அவர் மனைவியை ஒருமுறை பார்த்தார். சாவடியில் நடந்ததை மனைவியிடம் அவர் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. சொல்லிவிட்டால் நல்லது என்றும் தோன்றியது.

"படிச்ச புள்ளையளுக்குத்தான் இதெல்லாம் கண்ணில படும்," என்றார் கடைசியில், மனைவிக்குச் சொல்வதுபோல.

புஸ்பம் உள்ளே போய் ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்து, வாழையிலையால் மூடி, நாரால் கட்டினாள். "அம்மாட்டக் குடு மனே. உன்னால வந்த உசிர்." நான் வேண்டாம் என்றேன், ஒரே ஒரு தடவை. பிறகு வாங்கிக்கொண்டேன். வீடுவரை சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே நடந்தேன். ஏறினால் தயிர் உடைந்துவிடும்.