ஒன்பதாம் நம்பர் செருப்பு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது போன மாதம் எனக்கே நடந்தது. நான் கதை அளக்கிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடமாகச் செருப்புக் கடையில் வேலை. வருகிறவர் காலைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவேன். அந்த விஷயத்தில் என் கண் தப்பாது.

ஒரு கடற்கரைப் பாறையில் டைனோசர் காலடித் தடங்கள் இருக்கின்றன. அதைப் பார்க்க ஆசைப்பட்டவர் என் கணவர். "டைனோசருக்கு என்ன சைஸ்னு நீதான் பாத்துச் சொல்லணும்" என்று வருடா வருடம் கிண்டல் செய்வார். எனக்கு லீவு கிடைக்கவே இல்லை. பிறகு அவரே இல்லை. சாலை விபத்து. ஆஸ்பத்திரியில் என்னிடம் கொடுத்தது அவருடைய இடது கால் செருப்பு மட்டும். இன்னொன்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நம்பர். தேய்ந்த குதிகாலில் நானே பிறை வடிவில் ரப்பர் வெட்டி ஒட்டியிருந்தேன். பதினோரு மாதம் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டது போதும் என்று தோன்றியது. அவர் ஆசைப்பட்ட இடத்திலேயே கடலில் விட்டுவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

மாலை 5.10. சீசன் இல்லை. அங்கே ஈ காக்கைகூட இல்லை. காவலாளி மட்டும் ஒரு பிளாஸ்டிக் குவளையால் முதல் தடத்தில் தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் மூன்று விரல்களும் பளிச்சென்று தெரிந்தன.

"மொத்தம் பதினாலும்மா. ஆறு மணிக்குள்ள வந்துருங்க. தண்ணி ஏறிடும்."

"சரிங்க."

"ஒருத்தர்தானே?"

"ஒருத்திதான்."



பாறையை ஒட்டி ஈர மணலில் நடந்தேன். பதினான்காவது தடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முறத்தைவிடப் பெரிது. "எங்க கடையில இந்த சைஸ் இல்லீங்க" என்று சத்தமாகவே சொன்னேன். சிரிக்க ஆள் இல்லை. அழுதுவிட்டேன்.

5.34.

சப்... சப்... சப்...

ஈர மணலில் நடக்கிற சத்தம். திரும்பினேன். யாரும் இல்லை. ஆனால் நான் நடந்து வந்த தடங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை. செருப்புத் தடம். ஒன்பதாம் நம்பர். குதிகாலில் பிறை.

பயமா? இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம். அவ்வளவு சந்தோஷம். அந்த வரிசை என்னைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்பியது. எழுந்து பின்னாலேயே போனேன்.

"நில்லுங்க... நானும் வர்றேன்."

5.41. தடம் தண்ணீருக்குள் இறங்கியது. நானும் இறங்கினேன். கணுக்கால்... முழங்கால்... சத்தம் மட்டும் எனக்கு முன்னால் போனது.

சளக்... சளக்...

கரையில் இருந்த தடங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பழக்க தோஷம். ஜோடி சரியா என்று பார்க்காமல் நான் எதையும் பெட்டியில் வைத்ததில்லை.

இடது.

அடுத்ததும் இடது.

எல்லாமே... இடது.

பைக்குள் கையை விட்டேன். செருப்பு இருந்தது. ஒன்றுதான்.

முன்னால் போன சத்தம் நின்றது.

காத்திருந்தது.

ஓடினேன்.

காவலாளி ஏதோ கேட்டார். நான் நிற்காமல் மேலே ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் எல்லாத் தடங்களையும் மூடியிருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் பையைத் தொடத் தைரியம் வந்தது. செருப்பு உள்ளேதான் இருந்தது.

இரண்டு.

இரண்டும் இடது. இரண்டும் ஒன்பது. இரண்டிலும் அதே பிறை ரப்பர், கத்தரி நழுவி நான் கோணலாக வெட்டிய அதே ஓரம். இரண்டும் காய்ந்தே இருந்தன.

ஒன்றைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆனால் எது அவருடையது என்று என் கண்ணுக்கு இன்றுவரை தெரியவில்லை.

இரண்டும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன.