இங்கே இடம் விடவும்

ஞாயிறு காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது செய்தி வந்தது. ஏகாம்பரம் அண்ணன் காலமாகிவிட்டார். ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் என்னோடு ஒரே ஷிப்டில் பல வருடம் வேலை பார்த்தவர். பால் பாக்கெட்டோடு அப்படியே அவர் வீட்டுக்கு நடந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் பிழைக்க வந்த மராத்தி ஊரான கட்கியில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சின்ன இடுகாடு இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்து முதன்முதலில் ஆலை வேலைக்கு வந்த நம்மவர்கள், இறந்தவர்களைப் புதைக்கும் வழக்கத்தை விடாமலிருக்கக் கேட்டு வாங்கிய நிலம். எந்தக் கல்லின் கீழ் யார், எந்த ஊர், எப்படி இறந்தார் என்று வயதானவர்களை விடாமல் துளைத்து ஒரு நோட்டில் எழுதி வைத்தவர் அண்ணன். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்று மராத்தியிலும் எழுதினார். லீவு நாளில் சீட்டாடக் கூப்பிட்டால் கல்லறைகளைக் கழுவப் போய்விடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

தொண்ணூறுகளில் அவர் மனைவி கமலம் அண்ணி தவறிப்போனார். கல்லுக்கு எழுதிக் கொடுத்த தாளில் அண்ணியின் பெயருக்குக் கீழே, பிற்பாடு தன் பெயரைப் பொறிப்பதற்காக, ‘இங்கே இடம் விடவும்’ என்று குறித்திருந்தார். கல் செதுக்கியவர் மராத்திக்காரர். தமிழ் எழுத்தைப் படம்போலப் பார்த்துச் செதுக்குபவர். அந்த வரியையும் சேர்த்து அழகாகச் செதுக்கிவிட்டார். துக்கத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு கல் போடலாம் என்றேன்.

“இருக்கட்டும் வுடு. அவளே கேக்கறாப்பல கீது,” என்றார்.

சில வருடங்களில் சாலையை அகலப்படுத்த இடுகாட்டை எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. அதிகாரிகள் அதைக் காலி மனை என்றே நினைத்திருந்தார்கள். அண்ணன் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில், பழைய கல்லறைகளைத் தொடமாட்டோம், ஆனால் இனி ஒருவரையும் அங்கே புதைக்கக் கூடாது என்றார்கள். எங்கள் சார்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடம் போய்விடுமே என்று மெதுவாகச் சொன்னேன்.

“உள்ள கீறவங்க இருக்கட்டும். நான் எங்கனா போறேன்,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு மாலை அண்ணனை எடுத்துக்கொண்டு வேறு மயானத்துக்குப் போகும் வழியில், இந்த இடுகாட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். அண்ணனை நன்றாக அறிந்த காவலாளி பூட்டைத் திறந்துவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்று மராத்தியில் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி பக்கத்திலேயே புதைத்துவிடலாம் என்று நாலு பேர் பாடையில் கை வைத்துவிட்டோம். மறைக்காமல் சொல்கிறேன், நானும் வைத்தேன்.

கூடவே வந்திருந்த அண்ணன் மகள் செல்வி கேட்டை இழுத்துச் சாத்தினாள்.

“வேணாம் சித்தப்பா. அப்பா கையெழுத்துப் போட்டிருக்காரு.”

கம்பி வழியே அண்ணியின் கல்லைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். போய் வாருங்கள் அண்ணே. நீங்கள் ஏன் வரவில்லை என்று அண்ணியிடம் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.