எட்டு மாத்திரை குறைந்தது

வடக்கனந்தல் ரங்கம்மாளுக்கு எதையும் தனியாகத் தின்னத் தெரியாது. பக்கத்து வீட்டு ஓரகத்தி லட்சுமியம்மாளுக்குப் பாதி கொடுத்தால்தான் அவளுக்குத் தொண்டையில் இறங்கும். நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? அந்தக் குணம்தான் அவளை மாட்டிவிட்டது.

மரவள்ளிக் காட்டில் களையெடுக்கும்போது அவள் நெஞ்சு திடீரென்று தாறுமாறாக அடித்துக்கொள்ளும். நான்கு வருஷமாக 'வாயு' என்று சொல்லியே எல்லோரும் திருப்பி அனுப்பினார்கள். சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில்தான் இதயத் துடிப்புக் கோளாறு என்றார்கள். அங்கே புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ரங்கம்மாள் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மாதாமாதம் ஒருவர் உட்கார்ந்து அவள் சொல்வதை எழுதிக்கொள்வதே அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

முதல் மாதம் முடிந்து மாத்திரை டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். நர்ஸ் சுபஸ்ரீ எண்ணிப் பார்த்தாள். பதினான்கு மீதி இருக்க வேண்டும், ஆறுதான் இருந்தது.

"ஜாஸ்தி போட்டுட்டீங்களாம்மா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்தப் பொய்யையும் எழுதிவைப்பார்கள். நாளைக்கு இந்த மாத்திரையை விழுங்கப்போகிறவர்கள் அதை நம்புவார்கள். உண்மையைச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் வாயு, மறுபடியும் ஓமத் தண்ணீர். ரங்கம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஓரகத்திக்கும் படபடன்னு வருதும்மா. எட்டு குடுத்துட்டேன். நல்லா கேக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தா. என்னை அனுப்பிடாதீங்க."

டாக்டர் வந்தார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உங்களுக்குக் கொடுத்தது இன்னொருத்தர் உயிருக்கே ஆபத்தாகலாம். அவங்களை இப்பவே வரச்சொல்லுங்க."

லட்சுமியம்மாள் சின்னசேலம் வந்து, சேலம் பஸ் பிடித்து, மூன்று மணிக்கு வந்து இறங்கினாள். "இன்னாக்கா, வூடு பத்திக்கின மாதிரி போன்ல கத்துனே?" என்றாள். ரங்கம்மாள் அவள் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். துடிப்பில் ஒரு குறையும் இல்லை. ரத்தம்தான் ரொம்பக் கம்மி, படபடப்பும் அதனால்தான். எட்டு நாள் அவள் சத்தியம் செய்து புகழ்ந்த மாத்திரைக்கும் அவள் நோவுக்கும் சம்பந்தமே இல்லை.

டாக்டர் நடந்ததை நடந்தபடி எழுதிக்கொண்டார். "மறைக்காம சொன்னீங்க. தொடர்ந்து வாங்க" என்றார். ரங்கம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கல்வராயன் மலை கண்ணில் படும்வரை அவள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அப்போது லட்சுமியம்மாள் தன் பையைத் திறந்தாள்.

"ரத்தம் ஊற மாத்திரை குடுத்தாங்கக்கா. நீயும் ஒன்னு போட்டுக்கோ."

ரங்கம்மாள் அதை வெடுக்கென்று பிடுங்கி அந்தப் பைக்குள்ளேயே திணித்தாள். பிறகு சேலத்தில் வாங்கிய கொய்யாவை இரண்டாக உடைத்துப் பாதியை நீட்டினாள்.

"இத்தத் துன்னு."